பெரிய போர்வையும் துவைக்காத கைலியும்

1

நாங்கள் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்குக் குடிவந்த தேதி வந்தால் என் மனைவி பர்வீன் சேமியா காய்ச்சுவாள். கல்யாண நாளை இரண்டு பேரும் ஒற்றுமையாக மறந்துவிடுவோம். இந்த நாளை மட்டும் மறப்பதில்லை. வந்த அன்று ஹீட்டர் போடத் தெரியாமல் கோட்டும் சூட்டுமாகப் படுத்துத் தூங்கியதை நினைத்துச் சிரிக்க ஒரு சாக்கு வேண்டுமே. இந்த வருஷமும் சேமியா ஆனது. கிண்ணத்தோடு என்னை ஹாலில் நிற்கவைத்து, பின்னால் சுவரில் தொங்குகிற ஒட்டுப்போர்வையும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்.

வழக்கம்போல மாஷா அல்லாஹ்களும் இதயங்களும் வரிசையாக வந்தன. எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டிலிருந்து சபியா அக்கா மட்டும் குரலை அனுப்பியிருந்தாள். அக்கா எழுத மாட்டாள். பேசித்தான் அனுப்புவாள். குக்கர் விசிலுக்கும் தெருவில் மீன்காரர் சத்தத்துக்கும் நடுவே இப்படிச் சொன்னாள்:

"தம்பி, சேமியா நல்லாருக்கும்போல. ஒடம்பு வத்திப் போயிருக்கியே, சாப்புடறியா இல்லியா? அது கெடக்கட்டும். போர்வைய ஏன் தலைகீழா மாட்டி வச்சிருக்க? கால்மாடு மேல இருக்கு."

நான் கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். வருஷக்கணக்காக அந்தச் சுவரில் தொங்குகிற போர்வை. வீட்டுக்கு வந்த வெள்ளைக்காரர், வங்காளி, போலந்துக்காரர் அத்தனை பேரையும் அதன் முன்னால் நிற்கவைத்துப் பெருமையாக விளக்கம் சொல்லியிருக்கிறேன். அக்கா சொன்னது சரி. கால் வைக்க வேண்டிய பக்கம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

2

போர்வைக்குத் தலைமாடு, கால்மாடு உண்டென்பதை நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலில் கிடந்த பக்கத்தை மறுநாள் முகத்தில் இழுத்துப் போர்த்தக் கூடாது. இருட்டில்கூட மாறிவிடக் கூடாது என்றுதான் எங்கள் போர்வையின் கால்மாட்டில் கெட்டியான கோடுபோட்ட மெத்தைத் துணியை வைத்துத் தைத்திருப்பார்கள். கையால் தடவினாலே தெரியும். நான் அதைப் பட்டப்பகலில், இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு மாற்றி மாட்டியிருக்கிறேன்.

வீட்டில் அதற்குப் பெரிய போர்வை என்று பெயர். யார் தைக்க ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் குடும்பத்து ஆண்கள் முன்னே மலேயாவுக்குப் போனார்கள், அப்புறம் சவூதிக்கு, குவைத்துக்கு, இப்போது எங்கே விசா கிடைக்கிறதோ அங்கே. ஆனால் பிள்ளைகள் முதலாளி லீவு கொடுக்கிற மாதம் பார்த்தா பிறக்கும்? அத்தா வெளிநாட்டில் இருக்கும்போது வீட்டில் பிள்ளை பிறந்தால், அவர் உடுத்திய கைலி ஒன்றை ஊருக்கு அனுப்ப வேண்டும். அதிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிப் பெரிய போர்வையின் தலைமாட்டில் வைத்துத் தைப்பார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வந்ததும் முதலில் அதில்தான் கிடத்துவார்கள். தலை அந்தத் துண்டின் மேல் இருக்க வேண்டும்.

ஒரே ஒரு நிபந்தனை. கைலியைத் துவைக்காமல் அனுப்ப வேண்டும். அத்தாவின் வாடை பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்பது கணக்கு. இது எங்கள் ஒரு குடும்பத்து வழக்கம். ஊர் வழக்கம் என்று எழுதினால் நாளைக்கே நாலு பேர் போன் போட்டுச் சண்டைக்கு வருவார்கள்.

அந்தக் காலத்தில் லீவுக்கு வருகிற ஆட்கள் கையில்தான் சாமான் வரும். சோப்பு, சென்ட், டார்ச் லைட், டாங் பவுடர் டப்பா, இவற்றுக்கு நடுவே பாலிதீன் பையில் சுற்றிய அழுக்குக் கைலி. அடுத்தவன் அழுக்குக் கைலியைக் கடல் தாண்டிச் சுமந்து வந்த அந்த மனிதர்களை நினைத்தால் இன்றைக்கும் மரியாதையாக இருக்கிறது.

அக்காவுடைய துண்டு பழுப்புக் கட்டம். என்னுடையது பச்சைக் கட்டம். நான் பிறந்தபோது அத்தா தம்மாமில் இருந்தார். அவர் முதன்முதலில் என்னைப் பார்க்க வந்தபோது நான் நடக்கவே ஆரம்பித்துவிட்டேனாம். யாரோ புது ஆள் என்று அலறி அடுப்படிக்குள் ஓடி ஒளிந்துகொண்டேன் என்று அம்மா சொல்வாள். என் விஷயத்தில் வாடை வேலை செய்யவில்லை போலிருக்கிறது. அக்கா மகள் ஷிஃபாவுடையது நீலத்தில் வெள்ளைக் கோடு. மச்சான் அப்போது ரியாத்தில் இருந்தார். இந்த மூன்று துண்டுகளையும் தைத்தது அம்மா. சீரான தையல் என்று சொல்ல முடியாது. அம்மா எதையும் அவசரமாகத்தான் செய்வாள்.

அம்மா மவுத்தாகி அடக்கம் செய்ததற்குப் பிறகு வீட்டில் பழைய கட்டுக்குள் மழை ஒழுகியது. பீரோவின் அடித்தட்டில் கரையான் வந்துவிட்டது. அக்கா போர்வையை மடித்து என் பெட்டியில் வைத்து, உன் வீட்டில் கரையான் இல்லையே, நீ பத்திரமாக வைத்துக்கொள் என்றாள். அந்தப் பத்திரமாக என்ற சொல்லை டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச்சீட்டு மாதிரி வாங்கிக்கொண்டு வந்தேன்.

3

நான் மருந்தாளுநர். காலையிலிருந்து சாயங்காலம் வரை டப்பாக்களில் லேபிள் ஒட்டுகிறவன். வெயில் படாத இடத்தில் வைக்கவும், குளிர்ந்த இடத்தில் வைக்கவும், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். இந்த வேலையை ரொம்ப நாள் பார்த்தால் உலகத்தில் எல்லாப் பொருளும் ஏதோ ஒரு விதத்தில் காலாவதியாகப் போகிற மாதிரியே தோன்றும். பர்வீன் ஊறுகாய் போட்டால்கூட நான் மூடியில் தேதி எழுதுவேன்.

போர்வையை என்ன செய்வது என்று இங்கே ஒரு அருங்காட்சியகத்துத் துணிப்பிரிவுக்கு எழுதிக் கேட்டேன். ஜூடித் என்ற அம்மையார், நேரில் கொண்டுவாருங்கள் என்று பதில் போட்டார். கையுறை போட்டுக்கொண்டு, பச்சைப் பிள்ளையைத் தொடுகிற மாதிரி தொட்டுப் பார்த்தார். துவைக்கக் கூடாது. மடிக்கக் கூடாது, மடிப்பில் நூல் இற்றுவிடும். சுருட்டித்தான் வைக்க வேண்டும். ஆணி கூடாது, கிளிப் கூடாது. ஓரங்களில் எது கெட்டியோ அதன் பின்பக்கம் நீளமாக ஒரு துணிக்குழாய் தைத்து, அதற்குள் கம்பியை நுழைத்து மாட்டினால் பாரம் பரவலாக விழும் என்றார். எது கெட்டி? மெத்தைத் துணி வைத்த கால்மாடுதான். அவர் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தேன். போர்வை தலைகீழானது அப்படித்தான். ஜூடித்தைக் குற்றம் சொல்ல முடியாது. தலைமாடு தெரிந்தவன் நான்.

அதற்கு முன்னால் இன்னொரு கூத்து இருந்தது. துணியில் பூச்சிமுட்டை இருந்தால் சாக வேண்டும் என்பதற்காகப் பாலிதீனில் சுற்றிச் சில நாள் ஃப்ரீஸரில் வைக்கச் சொன்னார். எங்கள் ஃப்ரீஸரிலோ ஒரு முழு ஆட்டுக்கு உண்டான கறி இருந்தது. பர்வீன் என்னையும் போர்வையையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் கறியைத் தூக்கிக்கொண்டு செந்தில் வீட்டுக்குப் போனேன். செந்தில் விக்கிரமங்கலத்துக்காரர். ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை, இரண்டு தெரு தள்ளி வீடு. பஸ்ஸில் நான் என் மகளைத் தமிழில் அதட்டியதைக் கேட்டு, அரியலூர்ப் பக்கமா சார் என்று பின் சீட்டிலிருந்து கேட்டவர். பெரம்பலூர் ஜில்லா என்றேன். ரெண்டும் ஒண்ணா இருந்ததுதானே என்று அன்றைக்கே உறவாகிவிட்டார். கறியைத் திரும்ப வாங்கப் போனபோது பாதிதான் இருந்தது. மீதி வாடகைக்குச் சரியாகிவிட்டது என்றார்.

பிறகு சுவர். எங்கள் ஹாலில் ஒரு சுவரில் வெயில் அடிக்கும், கோடையிலாவது. இன்னொன்றில் ஹீட்டர். மூன்றாவது சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படி, பர்வீன் மீன் பொரித்தால் சுவரும் சேர்ந்து மணக்கும். நான்காவது சுவர் எனக்கு வேண்டிய சுவர், ஆனால் வீடு எங்களுடையது இல்லை. துளை போட வேண்டுமென்றால் வாடகைக்கு விட்ட வீட்டுச் சங்கத்து ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டும். மாட்டப்போவது திரைச்சீலையா என்று கேட்டார்கள். இல்லை. தரைவிரிப்பா? இல்லை. ஓவியமா? இல்லை, குழந்தை படுக்கிற போர்வை. அப்படியானால் கட்டிலில் போடலாமே என்று ஒரு பெண் மிகவும் கனிவாகச் சொன்னார். அந்தக் கனிவை அப்போது நான் கவனிக்கவில்லை. மறுபடி மறுபடி எழுதி, கடைசியில் அலங்காரப் பொருள் என்று அனுமதி வந்தது.

மகள் ஹனா அப்போது சின்னவள். எதைப் பார்த்தாலும் இழுப்பாள். அதனால் கடையிலிருந்து ஒரு லேபிள் அடித்துக் கொண்டுவந்து கம்பியின் நுனியில் ஒட்டினேன். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். விளையாட்டுக்குத்தான் ஒட்டினேன். ஆனால் அவள் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, அதற்கப்புறம் போர்வையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு போவாள்.

இப்போது கல்லூரிக்குப் போகப் போகிறாள். நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். பசித்தால் மட்டும் தமிழ் வரும். ஊரிலிருந்து போன் வந்தால் கதவோரம் வந்து ஒரு கையை ஆட்டிவிட்டு மாடிக்கு ஏறிவிடுவாள். எந்நேரமும் தொப்பி வைத்த ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர். அதைத் துவைக்கப் பிடுங்குவது பர்வீனுக்கு வாராவாரம் ஒரு யுத்தம்.

4

அக்கா சொன்ன வாரத்து ஞாயிற்றுக்கிழமையே போர்வையை இறக்கினோம். கம்பியின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டுமென்று ஹனாவைக் கூப்பிட்டேன். தரையில் சுத்தமான விரிப்பைப் போட்டு அதன் மேல் போர்வையைப் பரப்பினோம். கால்மாட்டிலிருந்து குழாயைப் பிரித்துத் தலைமாட்டில் தைக்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். நான் கத்திரிக்கோலைத் தேடிவிட்டுத் திரும்பினால், ஹனா போர்வையின் மேல் மல்லாக்கப் படுத்திருந்தாள்.

என் தொண்டையிலிருந்து என்ன சத்தம் வந்ததென்று தெரியவில்லை. பர்வீன் விடுங்கள் என்பதுபோலக் கையைக் காட்டினாள்.

"சும்மா படுத்துப் பாக்கறேன் அத்தா. போர்வைதானே" என்றாள் ஹனா.

அது தமிழில் வந்தது. அதனால் விட்டுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகக் காட்டினேன். இது உன் மாமி சபியா, இது நான், இது ஷிஃபா அக்கா. துவைக்காத கைலிக் கதையைச் சொன்னபோது முகத்தைச் சுளித்தாள், பிறகு சிரித்தாள். கொஞ்ச நேரம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னோடது எது?" என்று கேட்டாள்.

உனக்கு இல்லை என்றேன். நீ பிறந்தபோது நான் பக்கத்திலேயே இருந்தேன். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமைதான். எங்கள் குடும்பத்தில் பிள்ளை பிறந்த அறையிலேயே நின்ற முதல் ஆண் நான். நின்றேன் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். தாயைக் கவனிப்பதற்கு முன்னால் நர்ஸ் என்னைத்தான் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். இருந்தாலும் இருந்தேன். கைலித் துண்டு வைத்துத் தைக்க வேண்டிய தேவை என் பிள்ளைக்கு வரவில்லை.

ஹனா யோசித்தாள். அப்படியானால் யாராவது இல்லாமல் போனால்தான் இதில் இடம் கிடைக்குமா என்று இங்கிலீஷில் கேட்டாள். நான் ஆமாம் என்றேன்.

தலைமாட்டுத் துணி நைந்திருந்தது. எந்த இடத்தில் ஊசி போடலாம் என்று கேட்க அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். அக்கா பக்கத்தில் ஷிஃபா உட்கார்ந்திருந்தாள், நிறைமாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள், பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவள் மாப்பிள்ளை குவைத்தில் இருப்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் இல்லை. அவர்களுக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு வெல்வெட் குழந்தை மெத்தை இருந்தது. திருச்சியில் வாங்கியது என்றாள் அக்கா. அழகாக இருக்கிறது என்றேன்.

"மாமா, அவரு கைலி அனுப்பிட்டாரு" என்றாள் ஷிஃபா மெதுவாக.

அக்கா அவளை முழங்கையால் இடித்தாள். துணி ரொம்ப நைந்துவிட்டது, மடித்தாலே இற்றுவிடுமாம், அருங்காட்சியகத்தில் சொன்னார்கள், பிள்ளை நனைத்தால் தாங்காது என்று அடுக்கிக்கொண்டே போனேன். மருந்தோடு வருகிற எச்சரிக்கைச் சீட்டை வாசிக்கிற குரலில் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அக்கா முழுவதையும் கேட்டாள்.

"நீ மாட்டுப்பா. நான் ஒண்ணும் கேக்கல. புள்ளைக்குன்னு தச்ச போர்வை, புள்ளைக்கு எட்டாம தொங்குது. அவ்வளவுதான்."

போனை வைத்த பிறகு போர்வையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவின் கை பட்ட பொருள் என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். வேலை முடிந்து வந்து சாவியை வைக்கும்போது அந்தக் கோணல் தையலைப் பார்ப்பேன், பார்த்தால் ஒரு நிம்மதி. ஊருக்குப் போனால் கிழியும், நனையும், கொடியில் காயும், திரும்பி வராது. சுவரில் இருந்தால் என் காலத்துக்கும் இருக்கும். ஆனால் அங்கே ஒரு கைலி பாலிதீன் பையில் தைக்க இடமில்லாமல் காத்துக்கொண்டிருக்கிறது.

பர்வீனிடம் சொன்னேன், போனால் திரும்பாது என்று. திரும்பாவிட்டால் என்ன, அதுவும் நம் வீடுதானே என்றாள். அவளுக்கு எல்லாம் சுலபம்.

ஹனா கம்பியைக் கையில் எடுத்து, நுனியில் ஒட்டியிருந்த பழைய லேபிளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். முழுசாக உரிந்து வந்ததும் என் உள்ளங்கையில் ஒட்டினாள்.

"தப்பான லேபிள் அத்தா" என்றாள்.

5

செந்திலின் தம்பிக்குக் கல்யாணம், அதற்காக அவர் அடுத்த வாரம் ஊருக்குப் போகிறார் என்பது அல்லாஹ் கொடுத்த வசதி. ஜூடித்துக்குப் போன் செய்து, போர்வையை ஊருக்கு அனுப்பப்போகிற விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு நீளமான பெருமூச்சு கேட்டது. பிறகு, குழந்தை எப்போது பிறக்கிறது என்று கேட்டுவிட்டு, எப்படிச் சுருட்ட வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

தரைவிரிப்புக் கடையில் பெரிய அட்டைக்குழாய் ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள். போர்வையை அதில் சுருட்டி, மேலே வெள்ளைத் துணி சுற்றிச் செந்தில் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் அதைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, சார், இதோட என்னை ஏர்போர்ட்ல விடுவாங்களா, இல்ல பிடிச்சு உள்ள வைப்பாங்களா என்றார். மடிக்காதீர்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்ததில், என் கல்யாணத்துக்குக்கூட அம்மா இவ்வளவு புத்திமதி சொல்லவில்லை என்று அவர் மனைவி சிரித்தார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஹனா, தானே போய்ச் செந்தில் அங்கிளுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றாள். வாழ்த்துச் சொல்கிற பிள்ளையா இது என்று நானும் பர்வீனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆனால் பர்வீனுக்கு அன்றைக்கு வேறு கவலை. சாம்பல் ஸ்வெட்டரைக் காணோம். கட்டிலுக்கு அடியில், துவைக்கிற மிஷினுக்குப் பின்னால், எல்லாம் தேடியாயிற்று. பஸ்ஸில் விட்டிருப்பாள், கேட்டால் தோளைக் குலுக்குகிறாள் என்று புலம்பிக்கொண்டிருந்தாள்.

செந்தில் சென்னையில் இறங்கியதும் கூப்பிட்டார். சுங்கத்தில் நிறுத்தினார்களாம். அவிழ்த்துப் பார்த்த அதிகாரி, இவ்வளவு பழைய துணியை யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவார்களா என்று கேட்டாராம். எங்க ஊரு பக்கம் ஒரு புள்ளை பொறக்கப்போகுது சார் என்றாராம் செந்தில். அதிகாரி அதற்கு மேல் கேட்காமல் விட்டுவிட்டாராம். ரயிலில் மேல் பெர்த்தில் போர்வையைப் படுக்கவைத்துவிட்டு இவர் அரியலூர் வரை உட்கார்ந்தே போயிருக்கிறார்.

அரியலூர் ஸ்டேஷனுக்கு மச்சான் வண்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். வெளியே வந்து கைமாற்றிக்கொள்ளும்போது வரிசையாக நாலு சிமெண்ட் லாரி போயிருக்கிறது. வருஷக்கணக்காக ஒரு தூசி படாமல், வலை போட்டு அதன் மேல் வேக்யூம் பிடித்து வளர்த்த போர்வை அது. மச்சான் குழாயைத் தூக்கி இரண்டு தட்டுத் தட்டினாராம். செந்தில் இதைச் சொல்லும்போது நான் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

6

ஷிஃபாவுக்கு ஆண் பிள்ளை. சுகப்பிரசவம். இரண்டு நாள் கழித்து நான் கடையில் இருமல் மருந்துக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து போட்டோ வந்தது. பிள்ளை பெரிய போர்வையில் கிடக்கிறான், முகத்தைச் சுருக்கிக்கொண்டு, உலகத்தின் மேல் கோபமாக. தலைக்கு அடியில் அரக்குச் சிவப்புக் கட்டம், குவைத்திலிருந்து வந்தது. போர்வையின் நடுவில் ஈரம் தெரிந்தது. வந்த வேலையைப் பிள்ளை முதல் நாளே முடித்துவிட்டான்.

அரக்குத் துண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு துண்டு இருந்தது. முதலில் சிமெண்ட் கறை என்று நினைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். கெட்டியான, சாம்பல் நிறத் துணி. சுற்றிலும் அக்காவின் நெருக்கமான தையல்.

மருந்து வாங்க நின்ற கிழவரிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா சிரித்தாள். ஹனா அவளாகவே போன் பண்ணினாளாம், அதுவும் தமிழில், இடையிடையே நின்று நின்று.

"மாமி, தூரத்துல இருக்கறவங்க துணியத்தானே வைக்கணும், நானும் தூரத்துலதானே இருக்கேன்னு கேட்டா. தச்சுட்டேன். செந்தில்தம்பி கையில பை குடுத்துவுட்டிருந்தா. தொவைக்காமத்தான் அனுப்பிருக்கா, அதுல சந்தேகமே இல்ல."

கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. என் பிள்ளை எங்களை விட்டு விலகிப் போகிறாள் என்று எத்தனை நாள் பர்வீனிடம் அலுத்துக்கொண்டிருக்கிறேன். கதவோரம் நின்று கையை ஆட்டிவிட்டுப் போனவள், தான் தூரத்தில் இருப்பதைக் கணக்கு வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"ஒனக்கும் பக்கத்துல எடம் வுட்டு வச்சிருக்கேன்" என்றாள் அக்கா. பிள்ளை அழுதது, போனை வைத்துவிட்டாள்.

அப்போதுதான் உறைத்தது. பச்சைக் கட்டத்தை என் துண்டு, என் துண்டு என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறேன். அது அத்தாவுடைய கைலி. ஊரில் இல்லாமல் போனது அவர். நான் ஊரை விட்டுப் போன பிறகு என் துணி என்று அந்தப் போர்வையில் ஒரு நூல்கூட இல்லை.

போட்டோவை ஜூடித்துக்கு அனுப்பினேன். ஈரத்தை நிழலில் காயவைக்கச் சொல்லுங்கள் என்று மட்டும் பதில் வந்தது, கூடவே ஒரு குழந்தை எமோஜி. சுவரில் கம்பி மட்டும் இருக்கிறது. போர்வை தொங்கிய இடத்தில் பெயிண்ட் மற்ற இடத்தைவிடப் பளிச்சென்று தெரிகிறது. பர்வீன் அங்கே ஒரு கண்ணாடி மாட்டலாம் என்கிறாள். அனுமதி வாங்க வேண்டும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஹனாவிடம் ஸ்வெட்டரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பர்வீனிடம் என் ஊதாக் கைலி எங்கே என்று கேட்டேன். இருக்கிறதிலேயே நல்ல கைலி அது ஒன்றுதான், அதையா வெட்டப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே, துவைத்து மடித்து இஸ்திரி போட்டு வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். நான் கத்திரிக்கோலை எடுத்தேன். மாடிப்படியில் நின்ற ஹனா, துவைத்தது செல்லாது என்றாள்.

இதை எழுதும்போது அந்தக் கைலியைத்தான் கட்டியிருக்கிறேன். இந்தக் குளிரில் கைலி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது லேசான காரியம் இல்லை, உள்ளே ஒரு கம்பளிக் கால்சட்டையும் இருக்கிறது. வேலையிலிருந்து வந்ததும் கட்டுகிறேன், அதிலேயே சாப்பிடுகிறேன், அதிலேயே தூங்குகிறேன். பர்வீன் அதைத் துவைக்கிற மிஷின் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவு. தினமும் காலையில் ஹனா வந்து ஓரத்தைப் பிடித்து முகர்ந்து பார்க்கிறாள். தன் வாடை தனக்குத் தெரியாதே, அவள் சொன்னால்தான் உண்டு.

"இன்னும் சோப்புதான் அடிக்குது அத்தா" என்றாள் இன்று காலை. சரி, இன்னும் கொஞ்ச நாள் கட்டுவோம்.